படத்தின் கீழே ஒரு வரி

பழைய ஓவியம் ஒன்று கைக்குக் கிடைத்தால் முகத்தைப் பார்ப்போர் உண்டு; உடையைப் பார்ப்போர் உண்டு; வண்ணம் குழைத்த விதத்தை வியப்போரும் உண்டு. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்குமே, அதை நின்று படிப்போர் மிகச் சிலர். தோழர்களே, நான் எழுத வந்தது அந்தப் பொடி எழுத்தைப் பற்றித்தான்.

தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலே, இன்று கொலம்பியா என்று நாம் அழைக்கும் நாடு, 1850இல் நியூ கிரனடா என்னும் பெயர் தாங்கியிருந்தது. ஸ்பெயின் மன்னனின் ஆட்சியை உதறித் தள்ளி ஒரு தலைமுறைக் காலமே கழிந்திருந்தது. குடியரசு இருந்தது, கொடி இருந்தது, சட்டமன்றம் இருந்தது. ஆளும் நிலத்தின் அளவு மட்டும் ஆள்வோருக்கே தெரியாது. எந்த மலைக்கு அப்பால் எந்த ஊர், எந்த ஆற்றில் எவ்வளவு தொலைவு படகு செல்லும், எங்கே என்ன விளைகிறது, யார் என்ன செய்து பிழைக்கிறார்கள் — இவற்றைச் சொல்லும் தெளிவான நாட்டுப்படம் ஒன்று அவர்களிடம் இல்லை. ஆகவே ஓர் அளவைக் குழுவை அமைத்தார்கள். கொரோகிராஃபிக் கமிஷன் என்பது அதன் பெயர். தலைமை ஏற்றவர் அகுஸ்தீன் கொடாஸி. இத்தாலியில் பிறந்து, நெப்போலியன் காலத்துப் படையிலே பணியாற்றி, பின்னர் கடல் கடந்து வந்து, அண்டை நாடான வெனிசுவேலாவை முன்பே அளந்து முடித்திருந்த பொறியாளர்.

கோவேறு கழுதை மீதும், படகிலும், கால்நடையாகவும் ஒன்பது ஆண்டுகள் அலைந்தார் கொடாஸி. அளவைக் கருவிகளோடு வண்ணப் பெட்டியும் கூடவே பயணம் செய்தது. முதலில் வெனிசுவேலா நாட்டவரான கார்மெலோ பெர்னாண்டஸ், 1852இல் ஆங்கிலேயரான ஹென்றி பிரைஸ், 1853 முதல் அந்த மண்ணிலேயே பிறந்த மனுவேல் மரியா பாஸ் என மூன்று ஓவியர்கள் அடுத்தடுத்து அந்தப் பெட்டியைச் சுமந்தார்கள். 1859 பிப்ரவரியில், வடபுலத்துச் சிற்றூர் ஒன்றிலே காய்ச்சல் கண்டு கொடாஸி மாண்டார். அவ்வூர் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அளந்தவர் பெயர் ஓர் ஊருக்கே நிலைத்தது என்பதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் தீட்டியவற்றுள் ஏறத்தாழ நூற்றைம்பது நீர்வண்ண ஓவியங்கள் பொகோட்டா நகரத்துத் தேசிய நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. கணினி இருந்தால் உலகின் எந்த மூலையிலிருந்தும் அவற்றைப் பார்க்கலாம். நான் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். ஐரோப்பிய மன்னர்களின் மனைவிமார் பெயர்கள் வரை மனப்பாடம் செய்திருக்கிறேன். இந்தக் குழுவைப் பற்றி ஒரு சொல்லும் படித்ததில்லை. நாட்டுப்படம் எவ்வாறு உருவாகிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தபோதுதான் துழாவித் துழாவி இவற்றிடம் வந்து சேர்ந்தேன். மலையும் பாலமும் பார்க்கப் போனவன், மனிதர்களைக் கண்டு நின்றுவிட்டேன்.

முதலில் என்னை நிறுத்தியது புக்கரமாங்கா நகரத்துத் தொப்பிக்காரிகளின் படம். பெர்னாண்டஸ் தீட்டியது. நகூமா நாரிலே தொப்பி பின்னும் பெண்கள், அதை விற்கும் பெண்கள். அந்த நார் தருவது பார்வைக்குப் பனை போலவே இருக்கும், ஆனால் பனை இனத்தைச் சேராத ஒரு செடி. அதன் குருத்தை, ஓலை விரிவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும், விரிந்தால் வீண். வெட்டிய குருத்தை மெல்லிய இழைகளாகக் கிழித்து, கொதிநீரில் இட்டெடுத்து, உலர்த்தி, பிறகு உச்சியிலிருந்து தொடங்கி வட்டமாகப் பின்னிக்கொண்டே விளிம்புக்கு வரவேண்டும். வெயில் ஏறினால் நார் முறுகி ஒடியும். ஆதலால் ஈரக்காற்று வீசும் விடியலிலும் மாலையிலுமே விரல்கள் விரையும். நயமான தொப்பி ஒன்றுக்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் கூட உழைப்பு செல்லும்.

இத்தகைய தொப்பிக்கு உலகம் வைத்த பெயர் தெரியுமா? பனாமா தொப்பி! பின்னியவர்கள் பெரும்பாலும் இன்றைய ஈக்வடார், கொலம்பியா நாடுகளின் மக்கள். பனாமா என்பது சரக்கு கப்பல் மாறிய துறை. சரக்கு இறங்கிய துறைக்குப் பெயர் போயிற்று. குருத்து வெட்டிய கைக்கு ஒன்றுமில்லை. 2012இல்தான் ஈக்வடார் மக்களின் அந்தப் பின்னற்கலையை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலிலே சேர்த்தது.

சரி, பெர்னாண்டஸின் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? தொப்பி பின்னுவோரும் விற்போரும் என்று தொடங்குகிறது. நன்று. அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. வெள்ளை, மெஸ்டிசோ, சம்போ வகைகள் என்று நீள்கிறது. மெஸ்டிசோ என்றால் ஐரோப்பியர்க்கும் பழங்குடியினர்க்கும் பிறந்த வழியினர். சம்போ என்றால் ஆப்பிரிக்கர்க்கும் பழங்குடியினர்க்கும் பிறந்த வழியினர். ஒரே நாரைப் பின்னும், ஒரே சந்தையில் நிற்கும் பெண்கள்! அவர்களுக்குள்ளே பிறப்பைத் தேடிப் பிரித்து, வகை வைத்து, வரி எழுதிவிட்டார்கள். ஒருத்தியின் பெயராவது அங்கே உண்டா? இல்லை.

யாரோ கொடுங்கோலன் செய்த வேலை இது என்று எண்ணிவிட வேண்டாம். அப்படி இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது. ஹோசே இலாரியோ லோப்பஸ் குடியரசுத் தலைவராக வீற்றிருந்த காலம் அது. நம் இளைஞர்கள் கேட்டால் கைதட்டி ஆர்ப்பரிக்கும் ஆட்சி! 1850இல் ஏசு சபைப் பாதிரிமாரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. 1851இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் செய்து, 1852 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குழுவோடு எழுத்தாளராகச் சென்ற மனுவேல் அன்சீசர், ஊர்தோறும் பள்ளியைத் தேடியவர். மக்களைச் சுரண்டும் பாதிரிமாரை எழுத்தால் சாடியவர். பிற்காலத்தில், 1867இல், அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக அமர்ந்தவர். 1853இல் நூலாக வந்த அவருடைய பயணக் குறிப்புகள் இன்றும் படிக்கப்படுகின்றன. அறிவாளர், சீர்திருத்தக்காரர், ஐயமே இல்லை. அவர்தாம், பழங்குடி இனம் வெள்ளை இனத்திலே கலந்து கரைந்து போவதை நாட்டின் முன்னேற்றம் என்று கண்டு மகிழ்ந்தார்! பாதிரியின் அங்கியைக் கிழித்த பேனாதான் பிறப்பின் வரிசையையும் போற்றியது. இது எனக்கு உறுத்துகிறது, தோழர்களே. உங்களுக்கும் உறுத்த வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

1852இல் பிரைஸ், குவாதலூப்பே ஆற்றிலே பொன் அரிக்கும் பெண்களைத் தீட்டினார். பொன் அரிப்பதற்கு அப்பெண்களிடம் இருந்த கருவி, வாயகன்ற மரத்தட்டு ஒன்றுதான். ஆற்று மணலை அதில் அள்ளி, நீரோடு சேர்த்துச் சுழற்றிச் சுழற்றி, எடை குறைந்த மணல் விளிம்பு வழியே வழிய, எடை மிகுந்த பொன் துகள் அடியில் தங்கும்படி செய்ய வேண்டும். ஒரு சுழற்சி கூடினால் பொன்னும் போகும்; ஒன்று குறைந்தால் மண்ணும் நிற்கும். மணிக்கட்டிலே இருக்கிறது கணக்கு. படம் தீட்டிய ஆண்டை மறுபடியும் பாருங்கள்: 1852. விடுதலைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு! விடுதலைக்கு இழப்பீடு கொடுத்தார்கள், யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த உடைமையாளர்களுக்கு. உழைத்து ஓய்ந்தவர்களுக்குச் சட்டம் ஒரு காசும் ஒதுக்கவில்லை.

அடுத்த ஆண்டு, மழைக்காடு மண்டிய சோக்கோ பகுதியிலே, நோவிட்டா ஊருக்குச் செல்லும் தமானா மலைவழியைத் தீட்டினார் பாஸ். கழுதையும் ஏறத் தயங்கும் சேற்று வழி. அங்கே மனிதன் முதுகிலே நாற்காலி, நாற்காலியிலே மனிதன். கீழேயுள்ள வரி வழியின் பெயரைச் சொல்கிறது, மலையின் பெயரைச் சொல்கிறது. சுமந்தவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பல்லக்கைச் சுமந்த தோள்களின் கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அந்நாட்டிலேயே, அதற்கு அரை நூற்றாண்டு முன்னர், 1801இல், கிந்தீயோ கணவாயைக் கடக்க வந்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட், மனிதன் முதுகில் ஏற மறுத்து, வெறுங்காலோடு சேற்றில் நடந்தே சென்றார். நடக்க முடியாத வழி என்று சாக்குச் சொன்னவர்களுக்கு அந்த வெறுங்கால்கள் விடை.

இன்னொரு வகைப் படமும் இத்தொகுப்பில் உண்டு: மாகாணத் தலைநகரின் பெருமக்கள். அவர்கள் கையிலே கருவி இல்லை. என்ன தொழில் என்று தேடித் தேடிப் பார்த்தேன். பெருமக்களாக இருப்பதே தொழில் போலும்!

என்னை அதிக நேரம் இருத்திய படம், காசனாரே சமவெளியிலே சாலிவா பழங்குடியினர் கசாபே ரொட்டி செய்வதைக் காட்டுவது. இதையும் பாஸ்தான் தீட்டினார். கசாபே எதிலிருந்து வருகிறது? மரவள்ளிக் கிழங்கிலிருந்து. நம் சேலத்துக்காரர் குச்சிக்கிழங்கு என்பாரே, அதே கிழங்கு. அதன் தாயகம் தென் அமெரிக்கா. அதிலே கசப்பு வகை ஒன்று உண்டு. பச்சையாகத் தின்றால் ஆளைக் கொல்லும் சயனைடு நஞ்சு சுரப்பது. அந்த நஞ்சுக் கிழங்கைத்தான் அம்மக்கள் அன்றாட உணவாக ஆக்கினார்கள். எவ்வாறு? தோலைச் சீவி, கிழங்கைத் துருவிக் கூழாக்குவார்கள். கூழை நீண்டு ஒடுங்கிய ஒரு பின்னற் பையிலே அடைப்பார்கள். அப்பையைத் தொங்கவிட்டு, அடியிலே கழியைச் செருகிப் பாரம் ஏற்றி இழுக்கும்போது, நீள நீளப் பை இறுகும். இறுக இறுக நஞ்சு கலந்த சாறு பின்னலின் கண்கள் வழியே பிழிந்தோடும். எஞ்சிய மாவை அகன்ற ஓட்டிலே பரப்பிச் சுடும்போது, மிச்சமிருக்கும் நஞ்சும் ஆவியாகிப் போகும். பிறகு பல நாள் கெடாத ரொட்டி!

இதை எண்ணிப் பாருங்கள். ஆய்வுக்கூடம் இல்லை, குடுவை இல்லை, சயனைடு என்னும் சொல்லும் இல்லை. துருவினால் நஞ்சு வெளிப்படும், பிழிந்தால் நீங்கும், சுட்டால் ஒழியும் என்று படிப்படியாகக் கண்டறிந்து, அந்தப் படிகளுக்கேற்ற கருவியையும் பின்னி முடித்தார்கள். செய்து பார்த்து, தவறினால் திருத்தி, கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி — இதுவன்றோ அறிவியல்! இவர்களைத்தான் சட்டமும் சமயமும் சேர்ந்து காட்டுமிராண்டி என்றன. நம் நாட்டுக்கும் வந்த அந்தக் கிழங்கு சேலத்து ஆலைகளில் ஜவ்வரிசியாக உருள்கிறது. ஆசாரம் அணுவளவும் குறையாத வீட்டுத் திருமணத்திலும் ஜவ்வரிசிப் பாயாசம் பரிமாறப்படுகிறது. யார் தொட்டது, எவர் சமைத்தது என்று துருவித் துருவிக் கேட்கும் பெரியவர்கள், கிழங்கை முதன்முதல் உணவாக்கிய கை யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை. பாயாசம் அவ்வளவு சுவை!

அந்த ஓவியங்களுக்குப் பணம் கொடுத்த அரசுக்கு வேறு நோக்கமும் இருந்தது. எந்த ஊரில் எந்தக் கைத்தொழில், எந்த நிலத்தில் எந்த விளைச்சல், எங்கே சாலை போட்டால் சரக்கு நகரும் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்தாக வேண்டும். அளவைக் குழு புறப்பட்ட அதே 1850இல், ஜூன் 22ஆம் நாள், ஒரு சட்டம் பிறந்தது. பழங்குடியினர் பொதுவில் வைத்து உழுத ரெஸ்குவார்டோ நிலங்களைப் பங்கு போடவும், பங்கை விற்கவும் வழி திறந்த சட்டம் அது. எல்லோரும் சம குடிகள், எனவே நீயும் பிறரைப் போல உன் நிலத்தை விற்கலாம் என்றது சட்டம். கேட்பதற்கு எவ்வளவு இனிய சொல்! கடன்பட்டவன் கையிலே விற்கும் உரிமையைக் கொடுத்தால் நிலம் யார் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பதை நம் கிராமத்துப் பத்திரங்களே சொல்லும். பல இடங்களில் பொதுநிலம் சில ஆண்டுகளுக்குள் பண்ணையார் கைக்கு மாறியது, உழுதவர் கூலியானார். தெற்கே கௌக்கா பகுதி மக்கள் விடாது எதிர்த்து நின்று, பெருமளவு நிலத்தைக் காத்துக்கொண்டார்கள். 1890ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய பொதுநிலங்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் தலைப்பிலேயே அம்மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று குறித்தது. 1991இல் வந்த அரசியல் சட்டம்தான் அந்நிலங்களை யாரும் விற்கவோ பறிக்கவோ முடியாதவை என்று எழுதி வைத்தது.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று கேட்கும் தோழருக்கு, இங்கேயும் அந்தப் பொடி எழுத்து உண்டு. 1800ஐ ஒட்டி மைசூர்ப் பகுதியை அளந்த காலின் மெக்கன்சியின் குழுவிலும் படம் எழுதுவோர் இருந்தார்கள். பற்பல வகை மக்களை, அவரவர் உடையோடும் கோலத்தோடும் வரைந்து குவித்தார்கள். தஞ்சாவூர் ஓவியர்கள் கும்பெனி அதிகாரிகளுக்காகத் தீட்டிய ஏடுகளில், ஒரு பக்கத்துக்கு ஓர் ஆணும் பெண்ணும். கையில் அவரவர் தொழிற்கருவி. கீழே சாதியின் பெயர். தறியின் கயிறும் குயவனின் சக்கரமும் எவ்வளவு நுட்பமாக வரையப்பட்டிருக்கின்றன! ஆளுக்குத்தான் பெயரில்லை. 1909இல் தர்ஸ்டன் துரை ஏழு தொகுதிகளாகத் தென்னாட்டுச் சாதிகளையும் குடிகளையும் அச்சேற்றினார். கவராயம் போன்ற கருவியால் மனிதரின் மூக்கை அளந்தவர் அவர். மலையை அளந்தது போக, மூக்கையும் அளந்தார்கள்!

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாதிப் பெயரை ஏட்டிலேயே எழுதாவிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று இனிக்க இனிக்கப் பேசுவோர் உளர். அவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். யார் வெளியே தள்ளப்பட்டார் என்று கணக்கெடுத்து, அவர்க்கு இடம் தருவதற்காக எழுதும் எழுத்து உரிமைக்கான எழுத்து. பள்ளிச் சேர்க்கை ஏட்டிலே அதை நானே எழுதுகிறேன். ஒருவர் செய்யும் வேலையைக் காட்டி, இது இவருடைய பிறவிக்கே உரியது என்று படம் போட்டு ஒட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றென்பவர் ஏமாளியாக இருக்கலாம். பல நேரம் ஏமாற்றுபவராகவும் இருக்கலாம்.

தொப்பிக்காரிகளின் படத்தை வகுப்பிலே திரையில் காட்டினேன். அடியிலுள்ள வரியை மறைத்துவிட்டு, படத்தைப் பார்த்து நீங்களே ஒரு வரி எழுதுங்கள் என்றேன். பலர் அழகான பெண்கள் என்றும், வெளிநாட்டுச் சந்தை என்றும் எழுதினார்கள். ஒருவன், தொப்பி ஒன்றுக்கு அந்த அம்மாவுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேள்வியாகவே எழுதிவிட்டான். படத்திலே அதற்கு விடை இல்லையே!

பின் வரிசையில் ஒரு மாணவி. பெற்றோர் என்ன தொழில் செய்கிறார்கள் என்று ஆண்டுத் தொடக்கத்தில் கேட்டபோது எழுந்து நின்று, தலை குனிந்து, கூலி வேலை என்று மட்டும் சொன்னவள். அவள் தாய் கோரைப்பாய் நெய்பவர் என்பதைப் பிறகு வேறொருவர் வழியாக அறிந்திருந்தேன். வெயில் ஏறினால் நார் ஒடியும், ஈரத்தில்தான் பின்ன வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலேயே அவள் குரல் வந்தது.

“கோரையும் அப்படித்தான் ஐயா. நனைச்சுத்தான் நெய்யணும். காய்ஞ்சா படக்குனு போயிடும். எங்கம்மா தொட்டுப் பார்த்தே ஈரம் போதுமா, போதாதான்னு சொல்லிடும்.”

எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். சொல்லத் தெரியாது, காட்டுகிறேன் என்றாள். மறுநாள் ஒரு பிடி கோரையை ஈரத்துணியிலே சுற்றிக் கொண்டுவந்தாள். உலர்ந்ததை ஒடித்தும், நனைந்ததை விரலிலே வளைத்தும் காட்டினாள். வகுப்பு முழுதும் இடத்தைவிட்டு எழுந்து அவளைச் சூழ்ந்து நின்றது. ஆளுக்கொரு கோரையை வாங்கி நாங்களும் வளைத்துப் பார்த்தோம். என் கையிலிருந்தது இரண்டு முறையும் ஒடிந்துபோயிற்று.